கல்யாண மேளம் பேசப்போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், மண்டபம் பிடித்து, சமையலுக்கு ஆள் பேசி முடித்த கையோடு எனக்கு ஒரு போன் வரும். "மேளத்துக்கு யாரைச் சொல்லலாம்?" பதினைந்து வருடமாக எங்கள் குடும்பத்தில் இந்தப் பொறுப்பு என்னுடையது. நான் வாசிக்கிறவன் இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு மேளக் குடும்பத்துக்கு அடுத்த வீட்டில், விடியற்காலைச் சாதகத்தை (வாசிப்புப் பயிற்சியை) கேட்டபடி கண் விழித்து வளர்ந்தவன். அதனால் கேட்கிறார்கள், நானும் சொல்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ரெக்கார்டு போட்டால் போதாதா? நேரடி மேளம் எதற்கு?

போதாது. ரெக்கார்டுக்குக் கண் கிடையாது. ஹோமத்தில் நெருப்புப் பிடிக்கவில்லை, தாய்மாமன் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறார், பெண்ணுக்குக் கூறைப்புடவை கட்டி முடியவில்லை: இப்படி ஏதாவது ஒன்று இல்லாத கல்யாணமே இல்லை. நல்ல நாயனக்காரர் (நாயனம் என்றால் நாதஸ்வரம்) அதைப் பார்த்துவிட்டு, வாசித்துக்கொண்டிருக்கும் ராகத்தையே இன்னும் ஐந்து நிமிடம் விரித்துக்கொண்டு போவார். பெண்ணின் தலை வாசலில் தெரிந்ததும் பாட்டை எடுத்துவிடுவார். தாமதம் நடந்ததே மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. பென் டிரைவில் இருக்கும் பாட்டு நான்கரை நிமிடத்தில் முடிந்துவிடும், அடுத்து எது இருக்கிறதோ அது வரும்.

மேளம் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பதே இதைத்தான். வாசிக்கும்போது அவர்கள் கண் எங்கே இருக்கிறது? மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஒரு செட் என்றால் எத்தனை பேர்?

இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளத்துக்கு ஒருவர், கூட ஒரு சுருதிப்பெட்டி. முன்பெல்லாம் சுருதிக்கு ஒத்து என்று தனியாக ஒரு குழல் ஊதுவார்கள். இப்போது பெரும்பாலும் பெட்டிதான்.

செலவைக் குறைக்க ஒரு நாயனம், ஒரு தவில், தாளம் என்று மூன்று பேராக வருவதும் உண்டு. நிச்சயதார்த்தம், வளைகாப்பு, வீட்டோடு நடக்கும் சின்ன விசேஷம் என்றால் அது சரி. முகூர்த்தத்துக்கு வேண்டாம் என்பேன். காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஒன்பது, பத்து மணி வரை வாசிக்க வேண்டியிருக்கும். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பிடித்துக்கொண்டால்தான் அவ்வளவு நேரம் தாங்கும். ஒரே ஆள் ஊதினால், சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் களைத்துப் போயிருப்பார்.

எத்தனை மாதம் முன்னால் பேச வேண்டும்?

மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய அன்றே. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை என்பதால் தை, வைகாசி, ஆவணி வளர்பிறை நாட்களில் நல்ல செட்டுகளுக்குத் தலைக்கு மேல் வேலை. ஆறு மாதம் முன்னால் பேசினால் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஒரு மாதம் முன்னால் பேசினால் மிச்சம் இருப்பவர்கள்தான்.

நல்ல செட் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு ராகமெல்லாம் தெரியாது.

ராகம் தெரிய வேண்டாம், காது இருந்தால் போதும். அவர்கள் வாசிக்கும் வேறொரு கல்யாணத்துக்கோ கோயில் உற்சவத்துக்கோ போய் அரை மணி நேரம் நின்று கேளுங்கள். போனில் அனுப்பும் ஒரு நிமிட வீடியோவை நம்பாதீர்கள். எந்தச் செட்டாக இருந்தாலும் அந்த ஒரு நிமிடம் நன்றாகத்தான் இருக்கும்.

நின்று கேட்கும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். முதலில் சுருதி. இரண்டு நாயனமும் சேர்ந்து ஒரே இடத்தில் நிற்கும்போது ஒரே குழல் போலக் கேட்கிறதா, ஒன்றோடொன்று உரசி நெளிகிறதா? நெளிந்தால் யோசிக்காமல் வந்துவிடுங்கள். அடுத்தது தவில். வேகமாக அடிப்பதை எல்லோரும் செய்வார்கள். மெதுவான பாட்டுக்கு மெதுவாக, நாயனத்தைத் தூக்கிப் பிடிப்பது போல வாசிக்கிறாரா என்று பாருங்கள். தவில் பலா மரத்தில் குடைந்த கருவி. வலது கை விரல்களில் துணியும் பசையும் சுற்றிச் செய்த கூடுகளை மாட்டிக்கொண்டு, இடது பக்கம் குச்சியால் வாசிப்பார்கள். அந்தக் கூட்டோடு தோலைத் தடவுவது போல மெல்ல வாசிக்கத் தெரிந்தவர்தான் என் கணக்கில் கெட்டிக்காரர். மூன்றாவது, முன்னாலேயே சொன்ன கண்.

பெரிய பெயர் இருக்க வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. நாதஸ்வரமும் தவிலும் அங்கே மூன்று வருடப் படிப்பு. அங்கே படித்து வந்த இளைஞர்கள் சிலரின் வாசிப்பைக் கேட்டு நான் அசந்து போயிருக்கிறேன். விசாரியுங்கள்.

திமிரி, பாரி என்கிறார்களே, என்ன வித்தியாசம்? நாங்கள் கேட்டு வாங்க வேண்டுமா?

திமிரி குட்டையான குழல், சுருதி அதிகம், ஒலி கூர்மையாக நெடுந்தூரம் போகும். நான்கு வீதி சுற்றும் சாமி புறப்பாட்டுக்கு அதுதான் பொருத்தம். பாரி ஏறக்குறைய 3 அடி நீளம், சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு). ஒலி கனமாக, உருண்டு வரும். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பாரியைக் கையில் எடுத்த பிறகுதான் அது பரவியது. அவருக்கு நாதஸ்வரம் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் இன்றைக்கும் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்கிறார்கள். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சாவிலும் பழைய வீட்டு உத்தரத்தில் இருந்து எடுத்து, ஈரம் முழுக்க வற்றிப்போன மரத்தைத்தான் தேடி வாங்குவார்கள்.

மண்டபத்துக்குள் நடக்கும் கல்யாணத்துக்குப் பாரிதான் காதுக்கு இதம். இன்றைக்குப் பெரும்பாலான கல்யாணச் செட்டுகள் பாரிதான் வாசிக்கின்றன. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே உங்களுக்கு இதில் அக்கறை இருக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். அப்புறம் பேச்சின் தோரணையே மாறும்.

எந்தச் சடங்குக்கு என்ன வாசிக்கச் சொல்வது?

பாட்டுப் பட்டியல் நீட்டாதீர்கள், சடங்குப் பட்டியல் கொடுங்கள். உங்கள் வீட்டு வழக்கத்தில் என்னென்ன, எந்த வரிசையில், ஏறக்குறைய எந்த நேரத்தில் என்று ஒரு தாளில் எழுதி, ஒரு வாரம் முன்னதாக நாயனக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். காசி யாத்திரை உண்டா, மாலை மாற்றுவது உண்டா, ஊஞ்சல் உண்டா, தாரை வார்ப்பது தாலிக்கு முன்னாலா, நலங்கு எப்போது? ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் இது மாறும். கொங்குப் பக்கக் கல்யாணங்களில் மங்கல வாழ்த்துப் பாடும்போது நாயனம் அதன் மேல் ஏறக்கூடாது. வெளியூர்ச் செட் என்றால் இதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

பொதுவாக என்ன வரும் என்று தெரிந்திருப்பது நல்லது. காலையில் எடுத்ததும் பிள்ளையார் மேல் ஒரு கீர்த்தனை. விடியற்காலைக்குப் பூபாளம், பௌளி. பொழுது ஏறினால் பிலஹரி, மலயமாருதம். ஊஞ்சலுக்கும் லாலிக்கும் ஆனந்தபைரவி, குறிஞ்சி, நவரோஜ் போன்ற ராகங்கள். தியாகராஜரின் 'சீதா கல்யாண வைபோகமே' கல்யாண வீட்டுக்கே ஆனது போலக் குறிஞ்சியில் வரும். அது தொடங்கியதும் வயதான பெண்கள் வரிசையில் ஒரு முணுமுணுப்புக் கிளம்புவதைக் கவனித்திருக்கிறீர்களா? எனக்கு அது ஒவ்வொரு முறையும் தொண்டையை அடைக்கும். மாலை நேர ரிசப்ஷன் என்றால் பூர்விகல்யாணி, கல்யாணி, வசந்தா.

உங்கள் குடும்பத்துக்கு என்று இரண்டு, மூன்று பாட்டு இருந்தால் சொல்லுங்கள். பாட்டி பாடுவது, அம்மாவுக்குப் பிடித்தது என்று இருக்குமே. அதற்கு மேல் வேண்டாம். என் அத்தை ஒருவர் முப்பத்திரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தார். நாயனக்காரர் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "பாத்துக்கறேம்மா" என்று மட்டும் சொன்னார். அன்று அவர் வாசித்ததில் நான்கு பாட்டு அந்தத் தாளில் இருந்தவை. அத்தைக்குப் பரம திருப்தி, ஏனென்றால் அவை ஒவ்வொன்றும் வர வேண்டிய இடத்தில் வந்தன.

முகாரி வாசிக்கக் கூடாது என்கிறார்களே?

முகாரி என்றால் அழுகை ராகம் என்று ஊரில் ஒரு எண்ணம். சங்கீதக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அதில் சோகமே இல்லாத கீர்த்தனைகளும் உண்டு. ஆனாலும் கல்யாணத்தில் எந்தக் கலைஞரும் அதைத் தானாகத் தொட மாட்டார். நீலாம்பரி தாலாட்டு ராகம் என்பதால் காலையில் வராது. இதையெல்லாம் நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை, அவர்களுக்குத் தெரியும்.

மாப்பிள்ளை அழைப்புக்கு மல்லாரி வாசிக்கச் சொல்லலாமா?

மல்லாரி என்ற இசை வகை சாமி புறப்பாட்டுக்கு உரியது. சாகித்யம் (பாடல் வரிகள்) கிடையாது, பெரும்பாலும் கம்பீரநாட்டையில் இருக்கும். தேருக்கு, தீர்த்தத்துக்கு, தளிகைக்கு (சாமிக்குப் படைக்கும் அமுது) என்று தனித்தனி மல்லாரிகள் உண்டு. கேட்டாலே உடம்பு நிமிரும், அதனால்தான் மாப்பிள்ளை வரும்போதும் வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். சில வித்வான்கள் வாசிப்பார்கள், சிலர் "அது சாமிக்கு" என்று மறுத்துவிடுவார்கள். மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். நாட்டையிலோ கம்பீரநாட்டையிலோ ஒரு கீர்த்தனை கேளுங்கள், அதே கம்பீரம் வரும். என் மனம் மறுக்கிறவர்கள் பக்கம்தான்.

சினிமாப் பாட்டு?

ரிசப்ஷனில் தாராளமாக. நாதஸ்வரத்தில் பழைய மெல்லிசை கேட்பது தனி சுகம். முகூர்த்தத்தின்போது வேண்டாம். சினிமாப் பாட்டு மட்டம் என்பதற்காகச் சொல்லவில்லை. தெரிந்த பாட்டு வந்ததும் கூட்டம் வரிகளைத் தேட ஆரம்பித்துவிடும், கவனம் மணமேடையை விட்டுப் போய்விடும்.

உரிமத் தொகை கட்ட வேண்டுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(za) பிரிவு மதச் சடங்குகளில் வாசிப்பதற்கு விலக்குத் தருகிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த வீடியோவை யூடியூபில் ஏற்றுவது வேறு கதை. அங்கே பாட்டின் உரிமையாளர் கோரிக்கை வைத்தால் ஒலியை எடுத்துவிடலாம்.

கெட்டிமேளம் சரியான நேரத்தில் வர என்ன செய்ய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

தாலி கட்டும் நேரத்தில் தும்மல், அழுகை, வேண்டாத பேச்சு எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் கெட்டிமேளம். அதுவரை நிதானமாகப் போய்க்கொண்டிருந்த தவில் ஒரே நொடியில் உச்ச வேகத்துக்குப் போகும், நாயனம் மேல் ஸ்தாயியில் ஏறி நிற்கும். மூன்று முடிச்சும் விழுகிற வரை அது ஓயக்கூடாது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மீதி நான்கு மணி நேரமும்.

என் சித்தப்பா மகள் கல்யாணத்தில் அந்த நிமிடம் தவறிப்போனது. மேளக்காரர்கள் மேடைக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். முகூர்த்தம் நெருங்கியதும் வீடியோ எடுக்கிறவர்கள் நான்கு பேர் மணமேடைக்கு முன்னால் ஏறினார்கள். ஒருவர் ஸ்டூல் போட்டு நின்றார், ஒருவர் விளக்கைத் தூக்கிப் பிடித்தார். தவில்காரர் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நான்கு முதுகுகள். சாஸ்திரிகள் கையைத் தூக்கினார். மேளத்தில் யாரும் பார்க்கவில்லை. முதல் முடிச்சு விழுந்தது, இரண்டாவதும் விழுந்தது, மண்டபம் அமைதியாக இருந்தது, யாருடைய போனோ அடித்தது. யாரோ "மேளம்! மேளம்!" என்று கத்திய பிறகு, நாத்தனார் மூன்றாவது முடிச்சு போடும்போது தவில் எழுந்தது. சித்தி வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த வீடியோவை அவர் இன்று வரை முழுதாகப் பார்த்ததில்லை. தவில்காரர் சாப்பிடாமலே கிளம்பப் பார்த்தார், நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அன்றிலிருந்து மூன்று காரியம் செய்கிறேன். மேளக்காரர்கள் உட்காரும் இடத்தில் முந்தின நாளே நான் உட்கார்ந்து பார்ப்பேன், அங்கிருந்து மணமேடையில் மாப்பிள்ளையின் கை தெரிய வேண்டும். வீடியோக்காரர்களிடம் அந்த வழியைக் காட்டி, "இந்தக் கோட்டில் மட்டும் யாரும் நிற்காதீர்கள் தம்பி" என்று சொல்லிவிடுவேன், நல்லவிதமாகச் சொன்னால் கேட்கிறார்கள். மூன்றாவது, கையைத் தூக்கிச் சைகை காட்ட ஒரே ஓர் ஆள். மேளத்துக்கும் சாஸ்திரிகளுக்கும் நடுவில் நிற்கும் பெரியவர் யாராவது. அவர் தவிர வேறு யாரும் "கெட்டிமேளம்" என்று குரல் கொடுக்கக் கூடாது. ஆளாளுக்குக் கத்தினால், தாலித் தட்டு இன்னும் ஆசீர்வாதத்துக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மேளம் கொட்டிவிடும்.

எங்கே உட்கார வைப்பது? மைக் வேண்டுமா?

இடம் சொல்லிவிட்டேன், மேடை தெரிய வேண்டும். பல மண்டபங்களில் மேளத்துக்கென்று வாசல் பக்கத்தில் ஒரு திண்ணை கட்டி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களை வரவேற்க அது சரி, முகூர்த்தத்துக்குச் சரிவராது. முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் மேடை ஓரத்துக்கு மாறிக்கொள்ளச் சொல்லுங்கள், ஜமக்காளம் விரித்து வைத்திருங்கள்.

மைக் என் அபிப்பிராயத்தில் வேண்டாம். நாதஸ்வரமும் தவிலும் வெட்டவெளிக்காகப் பிறந்த கருவிகள். டைல்ஸ் போட்ட தரை, கண்ணாடிக் கதவு, பொய்க்கூரை உள்ள ஏசி ஹாலில் தவிலுக்கு மைக் வைத்தால் முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். அப்புறம் யாராவது வந்து மேளக்காரர்களைப் பார்த்து "கொஞ்சம் குறைங்க" என்பார்கள். குறைக்க வேண்டியது மைக்கைத்தான். மிகப் பெரிய மண்டபம் என்றால் நாயனத்துக்கு மட்டும், சற்றுத் தள்ளி ஒன்று வையுங்கள்.

ஏசி காற்று நேராக மேலே விழும் இடமும் ஆகாது. நாயனத்தின் நுனியில் வாய் வைத்து ஊதும் சீவாளி நாணல் தட்டையில் செய்தது. வாயில் வைத்து ஈரப்படுத்தி, பதம் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். நாயனத்தில் நூலில் கோத்துத் தொங்குமே, அவையெல்லாம் மாற்றுச் சீவாளிகள். குளிர்ந்த உலர்ந்த காற்று பட்டால் இரண்டு பாட்டுக்கு இடையில் பதம் போய்விடும். தவில் தோலும் அப்படித்தான், ஈரத்துக்குத் தளரும், உலர்ந்தால் இறுகும். மழை நாளில் அவர்கள் முக்கால் மணி முன்னதாக வந்து தவிலை இழுத்துச் சரி செய்ய இடம் கொடுங்கள்.

விடியற்காலை நாலரை முகூர்த்தம். மேளம் வாசிக்கலாமா?

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியோ இசைக்கருவிகளோ திறந்தவெளியில் கூடாது. சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் போன்ற மூடிய இடத்துக்குள் மட்டும் விலக்கு உண்டு. எனவே மண்டபத்துக்குள் கதவை மூடிக்கொண்டு வாசிக்கலாம். தெருவில் பந்தல் போட்டு மைக் கட்டினால் அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்க முழு உரிமை உண்டு. ஜானவாச (மாப்பிள்ளை அழைப்பு) ஊர்வலத்தையும் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

எங்கள் கல்யாணத்தில் புரோகிதர் இல்லை. தமிழில் நடத்துகிறோம். மேளம் பொருந்துமா?

அருமையாகப் பொருந்தும். ஓதுவாரை அழைத்துத் திருமுறை பாடி நடத்துகிறவர்கள் சம்பந்தரின் 'மண்ணில் நல்ல வண்ணம் வாழலாம்' பதிகத்தை விரும்பிச் சேர்ப்பார்கள். வைணவ வீடுகளில் ஆண்டாளின் வாரணமாயிரம் உண்டு. ஓதுவார் பாடி முடித்ததும் பாடிய அதே பண்ணை, அதாவது ராகத்தை, நாயனத்தில் எடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு கல்யாணத்தில் அப்படிக் கேட்டேன், மண்டபத்தில் ஒரு பேச்சுக் குரல் எழவில்லை. ஓதுவாரும் நாயனக்காரரும் சுருதி என்ன என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஒருவர் நிறுத்திய இடத்தில் மற்றவர் தொடங்க முடியாது.

சுயமரியாதைத் திருமணத்திலும் மாலை மாற்றும்போது, தாலி கட்டுவதாக இருந்தால் அப்போதும், மேளம் வைக்கிறவர்கள் நிறைய. தலைவர்கள் வாழ்த்திப் பேசும் நேரத்தை மட்டும் கலைஞர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாதஸ்வரத்துக்குப் பதில் சாக்ஸபோன், செண்டை மேளம்?

சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் எவ்வளவு குழையும் என்று கத்ரி கோபால்நாத் (1949–2019) காட்டிவிட்டுப் போயிருக்கிறார். ரிசப்ஷனுக்கு மிக நன்றாக இருக்கும். செண்டை ஊர்வலத்துக்கு எடுப்பு. அதுவும் நாயனமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வேண்டாம், இரண்டும் கெட்டுப் போகும். முகூர்த்தத்துக்கு என் மனசு நாயனத்தை விட்டு நகராது.

பெண் கலைஞர்கள் வாசிக்கிறார்களா?

வாசிக்கிறார்கள். காலிஷாபி மஹபூப், ஷேக் மஹபூப் சுபானி தம்பதிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இருவரும் சேர்ந்து நாதஸ்வரம் வாசிப்பவர்கள். "பெண்கள் வாசித்தால் சத்தம் போதுமா?" என்று கேட்கிறவர்கள் ஒரு முறை நேரில் கேளுங்கள். "முஸ்லிம் வித்வானை அழைக்கலாமா?" என்றும் ஒருவர் கேட்டார். ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா சங்கீத கலாநிதி பட்டம் வாங்கியவர், கோயில்களில் வாசித்தவர். நாயனத்துக்கு அந்தக் கேள்வி எழுந்ததே இல்லை.

தொகை எப்படிப் பேசுவது? ஏமாறாமல் இருக்க?

எத்தனை பேர், எத்தனை வேளை (முந்தின நாள் மாலையும் சேர்த்தா), வரும் செலவு யாருடையது, தங்க அறை உண்டா: இந்த நான்கையும் பேசினால்தான் தொகைக்கு அர்த்தம். ஒருவர் சொல்வது குறைவாகத் தெரியும், ஆனால் அதில் வண்டிச் செலவு இருக்காது. வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுங்கள், பேசியதை வாட்ஸாப்பில் எழுதி இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "நீங்களே வருவீர்களா?" பெரிய முகூர்த்த நாளில் ஒருவர் நான்கு கல்யாணத்தை ஒப்புக்கொண்டு மூன்றுக்கு வேறு ஆட்களை அனுப்புவது நடக்கிறது. மண்டபத்தோடு சேர்த்து, அலங்காரத்தோடு சேர்த்து என்று மொத்தமாகப் பேசும்போது இது இன்னும் அதிகம். யார் வாசிக்கப் போகிறார் என்றே உங்களுக்குத் தெரியாது. மேளத்தை மட்டும் தனியாக, கலைஞரிடம் நேராகப் பேசுங்கள். அதே நாளில் ஒன்பதரைக்கு வேறு கல்யாணம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் உங்கள் வீட்டுச் சடங்கு நீளும்போது அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கலைஞர்களை எப்படிக் கவனித்துக்கொள்வது?

வந்ததும் காபி, பக்கத்திலேயே வெந்நீர். பந்தியில் விருந்தாளிகளுக்கு நடுவில் இலை. பேசிய மீதித் தொகையை அன்றே, கேட்கும்வரை வைத்திருக்காமல், தாம்பூலத்தட்டில் வேட்டி துண்டோடு வைத்து, வீட்டுப் பெரியவர் கையால். எங்கள் வீட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து கொடுப்பார்கள். "ஏய், நிறுத்து" என்று தூரத்திலிருந்து கை காட்டுகிற பழக்கம் சில மண்டபங்களில் இருக்கிறது. உங்கள் ஆட்கள் யாரும் அதைச் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்த வேண்டுமென்றால் அருகே போய், "அண்ணே, ஒரு நிமிஷம்" என்றால் போதும்.

எப்போது முடிப்பார்கள்?

மணமக்கள் மேடையை விட்டு இறங்கிய பிறகு, மங்களம் வாசித்து முடிப்பார்கள். கடைசியில் மத்தியமாவதி வருவது வழக்கம். அந்த நேரத்தில் எல்லோரும் பந்திக்கு ஓடியிருப்பார்கள், மண்டபத்து ஆட்கள் நாற்காலியை அடுக்கத் தொடங்கிவிடுவார்கள், யாரோ விளக்கை அணைப்பார்கள். மண்டப மேனேஜரிடம் காலையிலேயே சொல்லி வையுங்கள், மங்களம் முடியும் வரை நாற்காலியைத் தொட வேண்டாம், விளக்கையும் அணைக்க வேண்டாம் என்று. வீட்டு ஆட்களில் ஒருவராவது எதிரே உட்கார்ந்து கடைசி வரை கேளுங்கள். அந்தக் காலையின் மிக நல்ல வாசிப்பைச் சில நாட்களில் அந்தக் காலி நாற்காலிகளுக்கு நடுவில்தான் நான் கேட்டிருக்கிறேன்.